முட்டையிட்ட தேதிகள்

4 ஜனவரி

அன்புத் தம்பிக்கு,

எல்லோரும் இருக்கிறோம். நலம் என்று எழுதப் பேனா ஓடவில்லை. போனில் பேசினால் ஐந்தாவது நிமிடம் நமக்குள் சண்டை வந்துவிடுகிறது. உன் மீன் தொட்டிகளின் பம்புச் சத்தத்தில் பாதி காதிலும் விழுவதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

அடிவயிற்றில் ஏதோ புடைத்திருக்கிறது என்று சொன்னேன் அல்லவா, அது குடலிறக்கமாம். அப்பாவைத் தூக்கித் தூக்கி வந்தது. டாக்டரம்மா திட்டித் தீர்த்துவிட்டார். "இன்னும் தூக்குனீங்கன்னா குடல் சிக்கிக்கும், அப்புறம் எங்கிட்ட வந்து அழக்கூடாது" என்றார். 20-ஆம் தேதி அறுவைக்கு நாள் கொடுத்திருக்கிறார்கள். அதன்பிறகு ஆறு வாரம் ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது.

உன் அத்தான் மாதத்தில் இருபது நாள் லாரியோடு வெளியூரில்தான். வீட்டில் வேறு ஆள் கிடையாது என்பது உனக்கே தெரியும். நீ வந்து ஆறு வாரம் இருந்துவிட்டுப் போ. லீவு கிடைக்காவிட்டால் நான்கு வாரமாவது. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து மூன்று வருடமாகிறது, நீ ஒரே ஒரு தடவைதான் வந்தாய். இதைக் குறையாகச் சொல்லவில்லை. குறைதான், ஆனால் சண்டைக்காகச் சொல்லவில்லை.

அப்பாவுக்கு வலது பக்கம் அப்படியேதான் இருக்கிறது. வாய் மட்டும் நன்றாகத் திரும்பிவிட்டது, திட்டுவதற்கு.

உன் அக்கா


11 ஜனவரி

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் 7-ஆம் தேதி வந்தது. உடம்பைப் பார்த்துக்கொள்.

ஆனால் நேரம் பார், என் டிஸ்கஸ் ஜோடி நேற்று முட்டையிட்டுவிட்டது. தட்டையாக, உள்ளங்கையைவிட அகலமாக இருக்கும் என்று சொல்வேனே, அந்த மீன்தான். தொட்டிக்குள் கவிழ்த்து வைத்திருக்கும் மண்சாடியில் எப்படியும் இருநூறு முட்டை ஒட்டியிருக்கிறது. மூன்றாம் நாள் பொரியும், வாரத்தில் நீந்தும். நீந்தத் தொடங்கியதும் குஞ்சுகள் தாய் தகப்பன் உடம்பிலேயே ஒட்டிக்கொண்டு, அந்தத் தோலில் ஊறும் வழவழப்பைத் தின்றுதான் வளரும். தாய் களைத்துப்போனால் உடம்பை ஒரு உதறு உதறி எல்லாவற்றையும் தகப்பனிடம் தள்ளிவிடும். பார்க்கக் கண் கோடி வேண்டும்.

தண்ணீர் கொஞ்சம் கெட்டாலும் அத்தனையும் போய்விடும். தினமும் பாதித் தண்ணீரை எடுத்துவிட்டுப் புதிது விட வேண்டும். வேலைக்குப் போன இடத்தில் லிப்ட் ரிப்பேரை அரைகுறையாக விட்டுவிட்டு மத்தியானம் வீட்டுக்கு ஓடிவருகிறேன். இன்னொருவரை நம்பி விட்டுவர முடியாது.

அறுவையைப் பிப்ரவரிக்குத் தள்ளச் சொல்லேன். அதற்குள் குஞ்சுகளைப் பிரித்துவிடலாம். அப்போது கட்டாயம் வருகிறேன். அப்பாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
தம்பி


2 பிப்ரவரி

அன்புத் தம்பிக்கு,

தள்ளிவைத்தாயிற்று. 22-ஆம் தேதி கொடுத்திருக்கிறார்கள். டாக்டரம்மா "அப்படி என்ன வேலை உங்களுக்கு?" என்று கேட்டார். "தம்பி வீட்டுல பிரசவம்" என்றேன். பொய்யில்லையே.

அப்பாவிடமும் சொன்னேன். "பெத்தவனைப் பாக்க நேரமில்ல, மீனு பெத்ததைப் பாக்குறானா?" என்று பாதி வாயால் சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. அவருக்கு இடுப்புக்குக் கீழே படுக்கைப் புண் வந்திருக்கிறது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம், ஆபீஸ் நடுவிலும் ஓடிவந்து, புரட்டிவிட வேண்டும். அடியில் துண்டை விட்டு ஒரு கையால் இழுக்கிறேன். இன்னொரு கையால் என் வயிற்றை அமுக்கிப் பிடித்துக்கொள்கிறேன். துணி மாற்றி, கழுவி, பவுடர் போட்டு முடிப்பதற்குள் எனக்குக் கண்ணைக் கட்டிவிடுகிறது. பள்ளிக்கூட ஆபீஸுக்குப் பத்து நாளில் நான்கு நாள் தாமதம். தலைமை எழுத்தர் இப்போதெல்லாம் திட்டுவதுகூட இல்லை, கடிகாரத்தைப் பார்ப்பதோடு சரி.

குஞ்சுகள் வளர்ந்துவிட்டனவா? இவை எப்போது முட்டையிடும் என்று முன்கூட்டியே தெரியுமா? தெரிந்தால் அதற்கேற்ப நாள் பார்க்கலாமே என்றுதான் கேட்கிறேன்.

22-ஐ மறந்துவிடாதே.

அக்கா


12 பிப்ரவரி

அன்புள்ள அக்காவுக்கு,

என் மீனைப் பற்றி நீ ஒரு கேள்வி கேட்டது இதுதான் முதல்முறை. அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

முன்கூட்டியே தெரியுமா என்கிறாய். நாமே இடவைக்கலாம் அக்கா! ஜோடி திடமாக இருக்க வேண்டும், நன்றாகத் தின்றிருக்க வேண்டும். ஒருநாள் வழக்கத்தைவிட நிறையத் தண்ணீரை எடுத்துவிட்டு, கொஞ்சம் குளிர்ந்த தண்ணீராக விட வேண்டும். மழைக்காலம் வந்துவிட்டது என்று அவை நினைத்துக்கொள்ளும். உடனே மண்சாடியை வாயால் துடைக்க ஆரம்பித்துவிடும். என் ஜோடி மூன்றாம் நாள் இடாமல் இருந்ததே இல்லை. தொட்டி மீன் விற்கும் கடைக்காரரே "எப்பிடிண்ணே, சொல்லி வச்ச மாதிரி?" என்று வாயைப் பிளக்கிறார். அவரிடம் சொல்லவில்லை, உன்னிடம் சொல்கிறேன்.

பழைய குஞ்சுகளில் நூற்றுப்பத்து தேறின. வேறு தொட்டிக்கு மாற்றிவிட்டேன். ஆனால் என்ன செய்ய, ஜோடி 8-ஆம் தேதி மறுபடியும் இட்டுவிட்டது. இப்போது பொரிந்து வாலை ஆட்டிக்கொண்டிருக்கின்றன. இந்த நேரத்தில் நான் எப்படிக் கிளம்புவது? இன்னும் ஒரே ஒரு மாதம் பொறுத்துக்கொள். கோபப்படாதே.

அன்புடன்,
தம்பி


19 பிப்ரவரி

தம்பி,

உன் கடிதத்தை ஆபீஸில் வைத்து மூன்று முறை படித்தேன். பிறகு ஒரு துண்டுக் காகிதத்தில் தேதிகளை எழுதினேன். வருகைப் பதிவேடு சரிபார்த்தே பிழைப்பு நடத்துகிறவள் நான், எனக்கு அது தானாக வரும்.

என் முதல் கடிதம் 7-ஆம் தேதி உன் கைக்கு வந்தது. உன் மீன் 10-ஆம் தேதி முட்டையிட்டது. என் இரண்டாவது கடிதம் இங்கிருந்து மூன்று நாளில், 5-ஆம் தேதி வந்திருக்கும். உன் மீன் 8-ஆம் தேதி முட்டையிட்டது. குளிர்ந்த தண்ணீர் விட்ட மூன்றாம் நாள் இடும் என்று நீயே எழுதியிருக்கிறாய்.

என் கடிதத்தைப் படித்துவிட்டுத்தான் வாளியைத் தூக்கினாயா?

மீனுக்குத் தினமும் அழுக்குத் தண்ணீர் எடுக்கிற கை, பெற்ற தகப்பனுக்கு மட்டும் வராதா? எனக்குக் கோபம்கூட வரவில்லை, அதற்கும் தெம்பு வேண்டுமே. அறுவைக்கு மூன்றாவது தடவையாக நாள் வாங்கிவிட்டேன், மார்ச் 10. இனி உன்னை வா என்று கேட்க மாட்டேன். உன் அத்தான் தெரிந்தவர் வேன் ஒன்றைச் சொல்லியிருக்கிறார். 8-ஆம் தேதி அப்பா உன் வீட்டுக்கு வருகிறார். மெத்தை, துண்டுகள், புண்ணுக்கு மருந்து எல்லாம் கூடவே வரும். கட்டில் போட இடம் பண்ணி வை.

அக்கா


12 மார்ச்

அக்கா,

அறுவை நல்லபடியாக முடிந்தது என்று அத்தான் போன் பண்ணினார். உயிர் வந்தது.

அப்பா வந்து நான்கு நாள் ஆகிறது. கட்டிலுக்காக ஆறு தொட்டிகளைக் காலி செய்தேன், இன்னும் எட்டு இருக்கின்றன. ஊரெல்லாம் லிப்ட் ரிப்பேர் பண்ணுகிறவன் வீட்டு மாடிக்கு லிப்ட் இல்லை. நாற்காலியில் உட்காரவைத்து நானும் வேனில் கூட வந்த அத்தானும் தூக்கி ஏற்றினோம். படிக்குப் படி அப்பா திட்டிக்கொண்டே வந்தார். மேலே வந்து தொட்டிகளைப் பார்த்ததும், "இந்தக் கருமத்துக்கா கரண்ட் பில்லு கட்டுறே?" என்றார்.

நீ கேட்டதற்குப் பதில்: ஆமாம். படித்துவிட்டுத்தான் வாளியைத் தூக்கினேன். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். அந்த ஒரு தடவை நான் வந்தபோது நீ அவரைக் கழுவிக்கொண்டிருந்தாய். நான் உள்ளே வந்ததைப் பார்த்ததும் அவர் துண்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். என்னை அடித்து வளர்த்த மனிதர் அக்கா அவர். அதை என்னால் பார்க்க முடியவில்லை. அவருக்கு வெட்கம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அருவருப்பு என்னுடையது. பயமும்தான்.

முதல் நாள் கழுவும்போது அவர் கண்ணை மூடிக்கொண்டார். நானும் மூடிக்கொண்டேன். இரண்டு பேரும் கண்ணை மூடிக்கொண்டால் எங்கே கழுவுவது? தண்ணீர் முழுக்க மெத்தையில். "கண்ணத் தொறடா, தடியா" என்றார். திறந்தேன்.

தம்பி


6 ஏப்ரல்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தையல் ஆறுகிறதா? இங்கே நான் அரை நாள் வேலைக்கு மாற்றிக்கொண்டேன். மத்தியானத்துக்குமேல் என் வேலைக்கு வேறு ஆள் போகிறார். காலையில் நான் இல்லாத நேரத்தில் கீழ்வீட்டு ரிட்டையர்டு டீச்சர் இரண்டு தடவை வந்து புரட்டிவிட்டுப் போகிறார். அவருக்கு ஒரு சின்னத் தொட்டியும் ஆறு கப்பி மீனும் கொடுத்தேன். வேறு என்னிடம் என்ன இருக்கிறது?

புண் சுருங்கியிருக்கிறது. நீ எழுதிக் கொடுத்த முறைப்படியே செய்கிறேன். மூன்று வருடம் இதை ஒற்றை ஆளாக எப்படிச் செய்தாய் என்று தெரியவில்லை. எனக்கு நான்கு வாரத்திலேயே இடுப்பு விட்டுப்போயிற்று.

ஜோடி போன வாரம் தானாகவே முட்டையிட்டது. அப்பாவுக்கு மருந்து வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் இரண்டும் சேர்ந்து தின்றுவிட்டன. முன்பு என்றால் அன்று சாப்பிட்டிருக்க மாட்டேன். அன்று சாப்பிட்டேன். அப்பாதான் இரண்டு நாள் "அறிவு கெட்டதுங்க, அறிவு கெட்டதுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

21-ஆம் தேதியோடு ஆறு வாரம் முடிகிறது. அத்தானிடம் வேன் சொல்லச் சொல்கிறேன்.

அன்புடன்,
தம்பி


24 ஏப்ரல்

அன்புத் தம்பிக்கு,

டாக்டரம்மா இன்னும் இரண்டு வாரம் பொறுக்கச் சொல்கிறார். தையல் இழுக்கிறது. வேன் இப்போதைக்கு வேண்டாம். அப்பாவைப் பார்த்துக்கொள்.

அக்கா


11 மே

அன்புத் தம்பிக்கு,

மூன்று நாளாக இந்தக் கடிதத்தை எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன்.

டாக்டரம்மா இரண்டு வாரம் பொறுக்கச் சொல்லவில்லை. 21-ஆம் தேதியே, "இனிமே எல்லா வேலையும் செய்யலாம்மா" என்று சொல்லிவிட்டார். தையல் இழுக்கவில்லை. இழுத்தது என்று உனக்கு எழுதிவிட்டு, தபாலில் போட்டுவிட்டு, வரும் வழியில் ஒரு ஜோடிச் செருப்பு வாங்கிக்கொண்டு நடந்தே வீட்டுக்கு வந்தேன்.

காலையில் ஏழு மணிக்கு விழிக்கிறேன். யாரும் கூப்பிடவில்லை. மறுபடி கண்ணை மூடினால் தூக்கம் வருகிறது. ஆபீஸுக்கு நேரத்துக்குப் போகிறேன். கையில் மருந்து வாடை இல்லை. அப்பாவின் அறையை இரண்டு தடவை கூட்டிவிட்டேன், கட்டிலை இன்னும் போடவில்லை. அந்த அறைக்குள் போனால் மூச்சு முட்டுகிறது. அவர்மேல் பாசம் இல்லாமல் இல்லை. ஆனால் அவர் வரக் கூடாது என்று நினைக்கிறேன். பெற்ற மகள் இப்படி நினைக்கலாமா என்று கேட்டு அழுதேன். அழுதுவிட்டும் தூங்கினேன்.

உன்னை என்னவெல்லாம் கேட்டேன்! உனக்காவது காட்டுவதற்கு மீன் இருந்தது. என்னிடம் காட்ட ஒன்றுமில்லை. இன்னும் ஒரு மாதம் அப்பாவை அங்கேயே வைத்துக்கொள்கிறாயா? உடம்புக்கு ஒன்றும் இல்லை. லீவு பிரச்சினை இல்லை. அத்தானும் வேன் இருக்கிறது என்றுதான் சொல்கிறார். எனக்கு வேண்டாம் என்று இருக்கிறது, அவ்வளவுதான்.

உன் அக்கா


16 மே

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் 14-ஆம் தேதி வந்தது. அப்பாவுக்குப் படித்துக் காட்டவில்லை. "என்ன எழுதிருக்கா?" என்றார். "நல்லா இருக்காளாம்" என்றேன். "அவ நல்லா இருந்தாச் சரி" என்று சுவர்ப் பக்கம் திரும்பப் பார்த்தார். முடியவில்லை, நான்தான் புரட்டிவிட்டேன்.

எனக்கும் அலுத்துப்போயிற்று, உன்னிடம் மறைப்பானேன். நேற்று அவர் சோற்றைத் துப்பியபோது கத்திவிட்டேன். பிறகு நானே போய் அவர் காலைப் பிடித்துவிட்டேன்.

நீ இரண்டு தடவை காரணத்தோடு கேட்டாய், நான் காரணம் கண்டுபிடித்து மறுத்தேன். இந்த முறை நீ காரணமே இல்லாமல் கேட்கிறாய். எனக்கு மறுக்கத் தெரியவில்லை.

அப்பா இங்கேயே இருக்கட்டும். ஒரு மாதம் என்று நாள் குறிக்காதே. என்னால் முடியாமல் போகும் அன்று "முடியவில்லை" என்று ஒரு வரி எழுதுகிறேன், வேறு எதுவும் எழுத மாட்டேன். அதைப் பார்த்து நீ வா. அதுவரை தூங்கு. இதற்குப் பதில் எழுத வேண்டாம்.

உன் தம்பி