அளக்காமல் விட்ட அறை

அனுப்புநர்
மை. உம்மல் குல்சும்,
க/பெ. காலஞ்சென்ற மைதீன் பிச்சை,
3-சி, மூன்றாம் தளம்,
நொய்யல் நிழல் அடுக்குமாடிக் குடியிருப்பு,
குனியமுத்தூர், கோயம்புத்தூர்.

பெறுநர்
உயர்திரு மாவட்டப் பதிவாளர் அவர்கள்,
கோயம்புத்தூர்.

பொருள்: எங்கள் குடியிருப்பின் கணினி முப்பரிமாண மாதிரியில் என் படுக்கையறை பொது இடமாகக் காட்டப்பட்டது – திருத்தும்வரை அதைப் பதிவுக்கு ஏற்க வேண்டாம் எனக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். மேற்கண்ட வீட்டை நானும் என் கணவரும் கூட்டாகக் கிரயம் பெற்று வசித்து வந்தோம். பத்திரத்தில் மூன்று படுக்கையறை என்று தெளிவாக இருக்கிறது. என் கணவர் சென்ற நவம்பரில் காலமாகிவிட்டார்.

யாருக்கு எது சொந்தம், எது பொது என்பதில் நாளைக்குச் சண்டை வரக்கூடாது என்று, எங்கள் உரிமையாளர் சங்கம் கட்டடம் முழுவதையும் கருவி வைத்து அளந்து கணினியில் ஒரு மாதிரி தயாரித்தது. நல்ல காரியம்தான். அவரவர் வீட்டுக்கு ஒரு நிறம், பொது இடத்துக்குச் சாம்பல் நிறம். அதையே உரிமை ஆவணங்களுடன் சேர்த்துத் தங்கள் அலுவலகத்தில் தாக்கல் செய்யப் போகிறார்கள்.

அளப்பவர்கள் வந்தபோது நான் இத்தாவில் இருந்தேன். கணவனை இழந்த பெண் நான்கு மாதம் பத்து நாள் அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் வீட்டோடு இருப்பது எங்கள் மார்க்க வழக்கம். என் மருமகள் அஃப்ஷீன் அறை வாசலில் நின்று, "மாமி இத்தாவுல இருக்காங்க, இந்த ரூம் மட்டும் இப்ப வேண்டாமுங்க" என்றாள். வந்த பிள்ளைகளும் "பரவால்லீங்கக்கா, அப்புறமா வாரோமுங்க" என்று கும்பிடு போட்டுவிட்டுப் போனார்கள். வரவேயில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்திருந்தால் சண்டை போட்டிருப்போம், அறையும் கணக்கில் ஏறியிருக்கும். நம் ஊர் மரியாதை இப்படியும் கழுத்தை அறுக்கும் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று.

அந்த அறையை ஒட்டிக் குழாய்கள் இறங்கும் பொது டக்ட் இருக்கிறது. அளக்காத இடத்தைக் கணினி அதோடு சேர்த்து, 'காலி இடம், பொது' என்று காட்டிவிட்டது. குறை சொல்ல அவகாசம் கொடுத்து எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பினார்களாம். அனுப்பியிருப்பார்கள். எங்கள் வீட்டுக்கென்று அவர்களிடம் இருந்தது என் கணவரின் எண். அந்தப் போனை நாங்கள் அணைத்து வைத்திருந்தோம்.

பிறகு மே மாதக் கூட்டத்தில், அந்தக் காலி இடத்தை நடைவழிப் பக்கம் உடைத்துத் திறந்து, மூன்றாம் தளத்து மின்பெட்டிகளை அங்கே மாற்றத் தீர்மானம் போட்டிருக்கிறார்கள். எனக்கு ஒரு வார்த்தை வரவில்லை. சென்ற வாரம் ஒரு கொத்தனார் நடைவழியில் நின்று சுவரைத் தட்டிப் பார்த்தார். நான் கட்டிலில் உட்கார்ந்தபடி "யாருங்க அது?" என்றேன். தட்டுவது நின்றது. "அட, உள்ள ஆள் இருக்கீங்களா?" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டார். பாவம், பயந்துபோனார். அவர் சொல்லித்தான் எனக்கு எல்லாம் தெரியும்.

சங்கச் செயலாளர் திரு. ஆரோக்கியதாஸிடம் போய்க் கேட்டேன். கெட்டவர் அல்லர். ஞாயிறு பூசை முடிந்ததும் நேரே வந்து, அதே அறையில் என் கணவரோடு கேரம் ஆடியவர். கணினியைத் திருப்பிக் காட்டி, "ஏனுங்கம்மா, எனக்குத் தெரியாதுங்களா? ஆனா இதுல அந்த ரூமே இல்லீங்களே. மத்த வீட்டுக்காரங்க எல்லாரும் கையெழுத்துப் போட்டாச்சுங்க. இனி மாத்தோணும்னா ஆபீசர்தான் சொல்லோணுமுங்க" என்றார். அவர் கண்ணால் கண்டதைவிடக் கணினி சொல்வது பெரிதாகிவிட்டது.

மரத்திலிருந்து விழுந்தவனை மாடு மிதித்த கதையாகிவிட்டதே என்று அஃப்ஷீன் அழுதாள். எனக்கு அழுகையும் வரவில்லை, ஆத்திரமும் வரவில்லை. மனம் மரத்துப்போய்விட்டது. என் கணவர் உயிர் பிரிந்தது அந்த அறையில். நான் இப்போதும் படுப்பது அங்கேதான். வேறு அறையில் படுத்துப் பார்த்தேன், தூக்கம் வரவில்லை.

ஆகவே, அந்த மாதிரியை இப்போதுள்ளபடி பதிவுக்கு ஏற்காமல் நிறுத்தி வைத்து, சுவரை உடைக்க வேண்டாமெனச் சங்கத்துக்கு எழுதி, தங்கள் அலுவலர் ஒருவரை அனுப்பி அளக்கச் செய்து, அறையை என் வீட்டோடு சேர்க்க உத்தரவிடுமாறு வேண்டுகிறேன். இத்தா முடிந்துவிட்டதால் ஆண் அலுவலர் வந்தாலும் தடையில்லை.

நிறத்தை மாற்றுகிறபோது, 'காலி இடம்' என்று எழுதியிருப்பதையும் அழித்துவிடச் சொல்லுங்கள், ஐயா. அவர்கள் அளக்க வந்த அன்று அதற்குள் நான் உட்கார்ந்திருந்தேன்.

இடம்: கோயம்புத்தூர்
நாள்: 14.07.2025

இப்படிக்கு,
தங்கள் உத்தரவை எதிர்நோக்கும்,
(ஒப்பம்) மை. உம்மல் குல்சும்

இணைப்பு: கிரயப் பத்திர நகல், கணவரின் இறப்புச் சான்று நகல்.