ஒரு நாளைக்கு ஒரு காய்

ஜூன் 9, திங்கள்
புழுக்கம். மேகம் கூடி, திருவேற்காடு பக்கம் போய்விட்டது. குழந்தை யாழினிக்குச் சளி. மூச்சு கரகரக்கிறதா என்று காது வைத்து வைத்துப் பார்த்தாயிற்று.

அப்பாவின் பழைய சிபியூவிலிருந்த ஹார்ட் டிஸ்க்கை, கரையான்சாவடி கடையில் முழுசாக நகலெடுத்து வாங்கினேன். கடைக்காரர்: "யக்கா, டிஸ்க்ல சவுண்டு வருது. இன்னொரு வாட்டி சுத்துமான்னு கேக்காத."

இனி லேப்டாப்புக்குள்ளேயே அந்தக் கம்ப்யூட்டரை ஓட வைக்க வேண்டும். கல்லூரியில் படித்ததுதான், பாஸ் பண்ணியதோடு மறந்துவிட்டது. அதற்கான மென்பொருள் மூன்று. பெயரெல்லாம் வேண்டாம். நீ. (நீல ஐகான்), ஆ. (ஆரஞ்சு), வி. (விண்டோஸோடு வருவது).

ஜூன் 10, செவ்வாய்
வி. - எங்கள் லேப்டாப்பில் இருப்பது விண்டோஸின் வீட்டுப் பதிப்பு, அதில் கிடையாதாம். முடிந்தது.
ஆ. - நல்ல வேகம். பாதியில் நீலத் திரை வந்து நின்றுவிட்டது.
நீ. - மெதுவாகப் போய், அதே நீலத் திரை.
யாழினிக்கு மருந்து இரண்டு வேளை. துப்பிவிட்டாள்.

சரவணன் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்ட் முடிந்து வந்ததும் வராததுமாக: "இன்னாடி, ஒரு செஸ் ஆட்டத்துக்கா இப்டி மல்லுக்கட்டினு கீற? போன்லயே ஆயிரம் கீது."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவரிடம் சொன்னதே இல்லை. சொன்னேன். ஆவடி குவார்ட்டர்ஸ். நான் எழுவதற்குள் அப்பா முதல் ஷிப்டுக்குப் போய்விடுவார். நான் கல்லூரி முடிந்து வந்தால் அவர் தூக்கம். அதனால் ஒரே ஆட்டம், ஒரு நாளைக்கு ஒரு காய். விடியற்காலை அவர், சாயங்காலம் நான். காலையில் நான் கம்ப்யூட்டரைத் தொடக்கூடாது, அது அம்மா போட்ட சட்டம். ஞாயிறு பேசிக்கொள்ளும்போதும் ஆட்டத்தைப் பற்றி மூச்சு விடமாட்டோம். இட்லியைப் பிட்டுக்கொண்டே, "ஏம்மா, முகம் வாடிக்கிடக்கு? ராஜாவுக்கு உடம்பு சரியில்லையா?" என்பார். அவ்வளவுதான். ஒரு ஆட்டம் மழைக்காலம் முழுக்க இழுக்கும்.

கடைசியாக ஒரு சாயங்காலம் நான் ஆடினேன். மறுநாள் வேலையில் இருக்கும்போதே நெஞ்சுவலி. அப்பா திரும்பி வரவில்லை. அதற்கப்புறம் அந்தக் கம்ப்யூட்டரை யாரும் போடவில்லை. அன்று கிளம்பும் முன் அவர் காய் நகர்த்தினாரா? அது மட்டும்தான் எனக்குத் தெரிய வேண்டும்.

சரவணன் எழுந்து போய் யாழினிக்கு மூக்குத் துடைத்துவிட்டார்.

ஜூன் 11, புதன்
அம்மாவுக்குப் போன். "அன்னிக்கு உக்காந்தாரா இல்லையா, ஞாபகம் இல்லடி. டிபன் பாக்ஸை மறந்துட்டு, திரும்பி வந்து எடுத்துட்டுப் போனாரு. அதான் தெரியும். எதுக்கு இப்ப அதை நோண்டுற?"

நீலத் திரைக்குக் காரணம் கிடைத்தது. பழைய டிஸ்க்கைப் புது வகை டிஸ்க் என்று காட்டியிருக்கிறேன். அமைப்பில் பழைய வகைக்கு மாற்றியதும் இரண்டிலும் திறந்துவிட்டது. திரையில் அதே பச்சை மலை, அதே நீல வானம். ஸ்பீக்கரில் அந்தத் தொடக்க ஓசை. குவார்ட்டர்ஸ் ஹாலின் ஃபினாயில் வாசனையே வந்துவிட்டது. யாழினி கை தட்டினாள்.

ஆ. வேகம், ஆனால் இலவசப் பதிப்பில் ஸ்னாப்ஷாட் இல்லை.
நீ. ஓடினால் ஃபேன் மிக்ஸி மாதிரி கத்துகிறது. ஆனால் ஸ்னாப்ஷாட் உண்டு: இருக்கிற நிலையை அப்படியே பிடித்து வைத்துக்கொண்டு, எது கெட்டாலும் அங்கேயே திரும்பலாம்.
என் பயத்துக்கு நீ. தான் சரி. ஸ்னாப்ஷாட் எடுத்தேன். இன்னொன்றும் எடுத்தேன். ஆட்டத்தைத் திறக்கவில்லை. அப்பா நகர்த்தியிருக்காவிட்டால்?

ஜூன் 12, வியாழன்
சளி குறைந்தது. நல்ல மழை, மொட்டை மாடித் துணியெல்லாம் நாசம்.

சாயங்காலம் சரவணனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு திறந்தேன்.

நகர்த்தியிருக்கிறார். அவருடைய கறுப்பு ராணி, தூரத்திலிருந்து நேராக என் ராஜாவைக் குறிவைத்து. கீழே கொட்டை எழுத்தில்: செக்.

சிரித்துவிட்டேன். அப்புறம் சிரிப்பாக இல்லை. சரவணன் முதுகில் கை வைத்தார். "மாமா சும்மா போவல பாத்தியா. செக் வெச்சிட்டுதான் போய்க்கீறாரு."

வெகுநேரம் யோசித்து, ராஜாவை ஒரு கட்டம் ஒதுக்கினேன். சேமித்தேன்.

"மாமாவுக்குப் பதிலா நான் ஆடட்டா?"

வேண்டாம் என்றேன். சாப்பாடு போடும்போது, "காலைல ஷிப்டுக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி ஆடிட்டுப் போ. எங்கிட்ட சொல்லாத" என்றேன்.