மாமாவுக்குச் சொல்லாத கோல்

சித்தூர்
17-1-1973

அன்புள்ள சௌந்தரிக்கு,

கர்த்தர் கிருபையால் இருக்கிறேன். நீயும் உன் வார்டு நோயாளிகளும் சுகமா?

பந்து என்ற சொல்லைக் கண்டதும் கடிதத்தை மடித்துவிடாதே. இரண்டு வருஷமாக யாரிடமும் ஒரு ஆட்டத்தைக்கூடச் சொல்லாமல் வாய் துருப்பிடித்துக் கிடக்கிறது. தாலுகா ஆபீசில் 'சரேனண்டி' என்று தலையாட்டுவதோடு என் பேச்சு முடிந்துபோகிறது.

திங்கட்கிழமை சங்கராந்திக் கோப்பைக்கு இறுதி ஆட்டம். நம் மிஷன் டீமும் ரேணிகுண்டாக்காரர்களும் மோதினார்கள். போன வருஷம் மைதானத்துப் பக்கமே நான் தலைவைத்துப் படுக்கவில்லை. இந்த வருஷம் கால் கேட்கவில்லை, போய்விட்டேன்.

நம் கோல்கீப்பர் அதே கிருபானந்தம்தான், ஞாயிறு பள்ளி வாத்தியார். ரேணிகுண்டாவுக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. இவர் கண்ணை இறுக மூடி ஜெபத்தில் இறங்கிவிட்டார். பந்து அவர் நெஞ்சில் மோதித் திரும்பியது. அதற்குப் பிறகுதான் ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்து, "அடிச்சிட்டானா?" என்று கேட்டார். வேர்க்கடலை விற்கும் மணியம்மா, "கண்ணத் தொறந்துக்கினு நின்னிருந்தா வுட்டிருப்பாரு" என்றாள். எப்படியும் போதகருக்கு மூன்று வாரப் பிரசங்கம் கிடைத்தது.

ஒன்றுக்கு ஒன்று என்று இழுத்துக்கொண்டிருந்த ஆட்டத்தை, கடைசி நிமிஷத்தில் வடமாலபேட்டை நாகையா முடித்துவைத்தான். இடது காலால் ஒரு உதை! கோல்! நான் துள்ளிக் குதித்துப் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லத் திரும்பினேன். அங்கே ஒரு எருமை நின்றது. அதனிடமே சொன்னேன். அது பொறுமையாகக் கேட்டது.

நம் டீம் ஜெயித்தால் வழக்கம்போல் பாலையா நம் சர்ச் மணியை அடிப்பார் அல்லவா, அடித்தார். எல்லாரோடும் நானும் கை தட்டினேன். நேரே வீட்டுக்கு வந்து பழைய சோற்றைத் தின்றுவிட்டுப் படுத்தேன்.

வீட்டுச் சாவியை இப்போதெல்லாம் தண்ணீர்த் தொட்டி இடுக்கில் வைப்பதில்லை. எடுக்க ஆள் இருந்தால்தானே வைப்பது? சட்டைப் பையிலேயே போட்டுக்கொண்டு திரிகிறேன்.

உன்
சாந்தகுமார்


சித்தூர்
1-2-1973

அன்புள்ள சௌந்தரிக்கு,

பதில் வரவில்லை. தபால்காரர் என்னைக் கண்டாலே சைக்கிளை வேறு சந்தில் திருப்புகிறார். "கடிதாசு இருந்தா நான் இன்னா துன்னுடவா போறேன்?" என்று நேற்று கேட்டேவிட்டார்.

மணியைப் பற்றி உனக்கு நான் எழுதியிருக்கக் கூடாது. எழுதிவிட்டேன், இனி முழுவதையும் எழுதிவிடுகிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முன் அதே சங்கராந்தி நாளில், நம் வீட்டில் படுக்கையாக இருந்த உன் நைனா, "போய்ட்டு வா மாப்ளே, எத்தினி கோலுன்னு வந்து சொல்லு" என்றார். போனேன். ஜெயித்தோம். விசில் ஊதிய கையோடு மணியும் அடித்தது. வெற்றி மணி என்றால் விடாமல் அடிக்கும். அன்று ஒரு அடி, சற்று நிறுத்தி இன்னொரு அடி என்று விழுந்தது. சிறு வயதிலிருந்து கேட்ட மணி, என் மண்டையில் ஏறவில்லை. பாலையாவுக்குக் கை வலிக்கிறது போல என்று கேலி வேறு செய்தேன். உன் நைனாவின் சாவு மணிக்கு ஆடினேன், சௌந்தரி. மேளமும் பட்டாசுமாக நம் வாசலுக்கே வந்து ஆடினேன். கதவைத் திறந்து நீ நின்ற நிலை இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை.

இதற்கு மன்னிப்பு என்று எதைக் கேட்பது? நீ திருப்பதிக்கு வேலை தேடிக்கொண்டு போனது நியாயம்தான். ஆனால் தனியாக இருக்க முடியவில்லை. சமைத்தால் மிஞ்சுகிறது, பேசினால் சுவர் கேட்கிறது. இனி வருவாயா, மாட்டாயா? மாட்டேன் என்றாலும் ஒரு வரி எழுது.

சாந்தகுமார்


திருப்பதி
6-2-1973

அன்புள்ள உங்களுக்கு,

ஸ்தோத்திரம். இரண்டு கடிதங்களும் கிடைத்தன. முதல் கடிதத்தில் பொய் இருந்தது. அதனால்தான் பதில் எழுதக் கை வரவில்லை.

சங்கராந்தி அன்று நான் சித்தூரில்தான் இருந்தேன். நைனா போன நாளாயிற்றே என்று கல்லறைக்குச் சாமந்தி எடுத்துக்கொண்டு வந்தேன். வழியில் கூச்சல் கேட்டு, மைதானத்து ஓரம் பெண்களோடு நின்றேன். மணி அடித்தபோது நீங்கள் கை தட்டவில்லை. இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, கோப்பை கொடுப்பதைக்கூடப் பார்க்காமல் போனீர்கள்.

வீட்டுக்குத்தான் போயிருப்பீர்கள் என்று வந்தேன். பூட்டியிருந்தது. தொட்டி இடுக்கில் கையை விட்டுத் துழாவினேன். சாவி இல்லை. சரி, இனி நமக்கு இங்கே இடமில்லை என்று நினைத்துக்கொண்டு கல்லறைக்கு நடந்தேன்.

அங்கே நீங்கள் நைனாவுக்கு எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கூழாங்கற்களைப் பரப்பி ஆட்டம் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். "இப்போ ரெண்டுக்கு ஒண்ணு மாமா. அன்னிக்கி சொல்லாம வுட்டது மூணுக்கு ரெண்டு" என்றீர்கள். கிருபானந்தம் மாதிரி கண்ணை மூடி, "அடிச்சிட்டானா?" என்று வேறு கேட்டீர்கள். மதிலுக்குப் பின்னால் நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். நைனா போன பிறகு அதுதான் முதல் சிரிப்பு. அப்புறம் அழுகையாகிவிட்டது. முன்னால் வந்து நிற்க வீம்பு விடவில்லை. நீங்கள் போன பின் பூவை வைத்துவிட்டு பஸ் ஏறினேன்.

உங்களைப் போகச் சொன்னது நைனாதான் என்று எனக்கும் தெரியும். அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டுதானே இருந்தேன். தெரிந்தும் உங்கள்மேல்தான் கோபம் வந்தது. அவர்மேல் எப்படிக் கோபித்துக்கொள்வது?

இன்னொன்று. நாகையா அடித்தது வலது கால். நான் நேர் எதிரில் நின்று பார்த்தேன். நீங்கள் நைனாவிடமும் இடது கால் என்றே சொல்லியிருக்கிறீர்கள். பந்து விஷயத்தில் தப்புச் சொன்னால் அவர் பொறுப்பாரா? வரும் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் இரண்டு பேருமாகப் போய்த் திருத்திச் சொல்ல வேண்டும்.

சனிக்கிழமை மத்தியான பஸ்ஸில் வருகிறேன். அந்நேரம் நீங்கள் ஆபீசில் இருப்பீர்கள். சாவியைத் தொட்டி இடுக்கில் வைத்துவிட்டுப் போகவும்.

ஞானசௌந்தரி