பிரபா கடை வாசலில் நாற்பது நிமிடம்

7 ஏப்ரல் 2025, திங்கள்

இன்றும் வண்டி நின்றுவிட்டதாம். எங்கே என்று கேட்கவே வேண்டாம். கொங்கணாபுரத்தில், பிரபாவின் தையல் கடை வாசலில். ஐந்தரைக்கு எடப்பாடி வந்து சேர வேண்டிய என் வீட்டுக்காரர் ஆறேகாலுக்கு வந்தார்.

காலையில் இங்கே துண்டு மூட்டை ஏற்றுகிறார், சேலம் செவ்வாய்ப்பேட்டையில் இறக்குகிறார், திரும்பும்போது ஓரம் அடித்த மூட்டையைப் பிரபாவிடம் எடுத்துக்கொள்கிறார். எல்லா இடத்திலும் கிளம்புகிற வேன் அவள் வாசலில் மட்டும் படுத்துக்கொள்கிறது.

இனி நேரத்தை எழுதி வைக்கப்போகிறேன். மறந்துவிட்டால் மன்னித்துவிடுவேன். எனக்கு என்னைத் தெரியும்.

8 செவ்வாய்

ஆறு பத்து.

9 புதன்

ஆறு இருபது. கையில் அழுக்கு இல்லை, சட்டையில் கறை இல்லை. வண்டி நின்றால் சீட்டைத் தூக்கி இன்ஜினை ஒருமுறை பார்க்கமாட்டாரா மனுஷன்?

"பாத்தா மட்டும் எனக்கென்ன தெரியும்? ஆறுனாத் தானாக் கெளம்பீருது."

அதுவரை?

"சும்மா உக்காந்திருந்தேன்."

சும்மா.

11 வெள்ளி

ஐந்தரைக்கே வந்துவிட்டார். பிரபா தாரமங்கலத்துக்கு ஏதோ கல்யாணத்துக்குப் போய்விட்டாளாம், கடை பூட்டு. நிற்காமல் வந்தாராம். வண்டிக்கு இன்று ஒரு நோயும் இல்லை. ஏன் சாமி, இது எனக்கு மட்டும்தான் புரிகிறதா?

12 சனி

நல்ல மழை. ஐந்து முப்பத்தைந்து. கடை திறந்திருந்தது, மூட்டையும் வந்தது, வண்டி நிற்கவில்லை. இது மட்டும் இடிக்கிறது. இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.

15 செவ்வாய்

ஆறரை. முழுதாக ஒரு மணி நேரம். வந்தவர் கை கழுவும்போது தனக்குத்தானே சிரித்தார். என்ன என்று கேட்டேன்.

"பிரபா ஒன்னு சொல்லுச்சு. அது சொன்னாத்தான் சிரிப்பு வரும், நான் சொன்னா வராது."

கல்யாணமாகிப் பதினாறு வருடம். நான் சொன்னதை நினைத்து இவர் என்றைக்காவது தனியாகச் சிரித்திருக்கிறாரா? எரியுது. வயிறு எரியுது எனக்கு. சோறு மட்டும் போட்டேன்.

16 புதன்

மெக்கானிக் மாதேஷைக் காலையிலேயே வீட்டுக்கு வரவழைத்தேன். சாவியைத் திருப்பினான், உடனே கிளம்பியது. மூன்று முறையும்.

"எப்ப நிக்குது, எவ்வளவு நேரம் நிக்குது? அது தெரியாம என்னத்தப் பாக்கறதுங்ணா?"

அவர் தலையைச் சொறிந்தார். நான் உள்ளே போய் இந்த நோட்டை எடுத்துவந்து படித்தேன். தேதி, மணி, மழை, பூட்டு, எல்லாம். நடுவில் இருந்ததை விட்டுவிட்டுத்தான்.

"அக்கா, மெக்கானிக் நீங்கதானுங்க" என்றான் மாதேஷ். பிறகு விளக்கினான். செவ்வாய்ப்பேட்டையில் வண்டி இரண்டு மணி நேரம் நிற்கிறது, ஆறிவிடுகிறது. பிரபா கடையில் ஐந்தே நிமிடம் அணைத்து எடுப்பதால் சூடு அப்படியே இருக்கிறது. மழையில் அவ்வளவு சூடு ஏறவில்லை. கடை பூட்டிய நாளில் இன்ஜினை அணைக்கவே இல்லை. சீட்டைத் தூக்கி, விரல் நீளத்தில் ஒரு சென்சாரைக் காட்டினான்.

"சூட்டுல இது மயங்குதுன்னு நெனைக்கறனுங்க. அடுத்தவாட்டி நின்னா இது மேல ஈரத்துணியப் போடுங்க. சீக்கிரம் கெளம்புனா இதேதான்."

அவன் போனதும் அவர் கேட்டார். "மணியெல்லாம் எதுக்குப் புள்ள எழுதி வெச்ச?"

"வண்டிக்காகத்தானுங்க."

பொய். இரண்டு பேருக்கும் தெரியும்.

17 வியாழன்

நானும் கூடப் போனேன். திரும்பும்போது, சொல்லி வைத்தாற்போல, பிரபா வாசலில் நின்றது. அப்படியானால் இவர் பொய் சொல்லவில்லை. எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது – டீ வரும்வரை.

"சக்கர போடலாங்களாக்கா?" என்று என்னிடம் கேட்டாள். அவரிடம் கேட்கவில்லை. சர்க்கரை இல்லாத டம்ளர் நேராக அவர் கைக்குப் போனது. என்னை அக்கா என்கிறாள், அவரை ஒருமுறைகூட அண்ணா என்று சொல்லவில்லை. "ஏனுங்க." நான் கூப்பிடுகிற மாதிரியே.

டீயைப் பாதியில் வைத்துவிட்டு ஈரத்துணியோடு எழுந்தேன். இரண்டு மூன்று நிமிடத்தில் வண்டி கிளம்பிவிட்டது. பிரபா கை தட்டினாள். நான் அவர் முகத்தைத்தான் பார்த்தேன். வண்டி கிளம்பியதற்குச் சந்தோஷப்படுகிற முகமா அது?

19 சனி

மாதேஷ் புதிய சென்சார் மாட்டினான். ஒரே போல்ட், பத்தாம் நம்பர் ஸ்பானர். "இத நீங்களே கழட்டி மாட்டலாமுங்ணா" என்று அவரையும் ஒருமுறை செய்யவைத்தான். மாற்றியதற்குச் சாட்சியாகப் பழையதைக் கவரில் போட்டு என் கையில் தந்தான். பழையது கறுப்பு, புதியது சாம்பல் நிறம். கவரைப் பொத்தான் டப்பாவில் போட்டு வைத்தேன்.

26 சனி

திங்கள் முதல் ஆறு நாளும் ஐந்தரை. ஆறு நாளும் சிரிக்கவில்லை. டீ கொடுத்தால் குடிக்கிறார், போனைப் பார்க்கிறார். நானும் ஒன்றிரண்டு வேடிக்கை சொல்லிப் பார்த்தேன். "ம்" என்றார். நான் ஜெயித்துவிட்டேனா?

28 திங்கள்

ஆறு பத்து. "மறுக்காவும் நின்னுபோச்சு புள்ள. வெயிலு."

ஈரத்துணி?

"மறந்துட்டேன்."

29 செவ்வாய்

ஆறேகால். அவர் சட்டைக்குப் பொத்தான் தைக்க டப்பாவைத் திறந்தேன். கவர் அப்படியே இருந்தது. உள்ளே இருந்தது சாம்பல் நிறம்.

கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அழுகை வரவில்லை. அவள் கையைப் பிடித்தார் என்று யாராவது சொல்லியிருந்தால்கூட இவ்வளவு எரிந்திருக்காது. நாற்பது நிமிடத்துக்காகப் பழையதையே திரும்ப மாட்டி நல்ல வண்டியைக் கெடுத்திருக்கிறார்.

நாளைக்கு நானும் வண்டியில் வருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

"எதுக்கு?"

"டீ குடிக்கத்தானுங்க."

புதிய சென்சாரும், மாதேஷிடம் கேட்டு வாங்கிய ஸ்பானரும் என் பையில் இருக்கின்றன. வண்டி நிற்கட்டும். அவள் என்ன சொல்லிச் சிரிக்க வைக்கிறாள் என்று முழுதாகக் கேட்கிறேன். கேட்டுவிட்டு, இரண்டு பேரும் பார்த்திருக்க, நானே மாட்டித் தருகிறேன்.