படகு வந்ததா என்று பியானோ சொல்லும்

அன்பு மச்சாள் டிலானி,

நேற்று லாசால் மண்டபத்தில் உம்முடைய முப்பத்தோராம் நாள் நினைவுக்கூட்டம். சாப்பாட்டில் ஒரு குறையும் இல்லை. பாட்டுத்தான் பாழாய்ப் போச்சு. இதை உமக்குச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்ல?

ஆஸ்பத்திரியில் நீர் கேட்டது அந்த ஒன்றைத்தான். தேவாரம் சொந்தக்காரர் பாடட்டும், கடைசியில் என் ஜெர்மன் பாட்டை மகள் பாட, நீர் பியானோ வாசியும் என்றீர். ஆற்றங்கரையில் ஒருத்தி இருட்டும்வரை படகுக்குக் காத்திருக்கிற பாட்டு. விளங்காத பாஷையில் இதென்ன ஒப்பாரி என்று உங்கள் பெரியம்மா முணுமுணுத்தா. நான் விடவில்லை. மண்டபத்தில் பியானோ இல்லையென்று என்னுடைய மின்பியானோவைப் பியர்பொன்ட்ஸ் வீட்டிலிருந்து காரின் பின்சீற்றில் கிடத்திக்கொண்டு போனேன்.

தமிழை அரைகுறையாகக் கதைக்கிற உம்முடைய மகள் நிவேதா ஜெர்மனில் ஒரு சொல்லும் பிசகாமல் பாடினாள். படகு வந்ததா என்று சொல்லாமலே அதில் குரல் நின்றுவிடும். மிச்சத்தைப் பியானோதான் சொல்லவேண்டும். அந்தக் கடைசி இசைத்தாளுக்காகத்தான் இந்தப் பாட்டு என்பீர்.

அவள் வாய் மூடினதும் என்னுடைய மனிசன், உம்முடைய அண்ணர், மைக்கைப் பிடித்தார். கலியாணமோ செத்தவீடோ, மைக் சும்மா கிடந்தால் அவருக்குக் கை பதறும் என்று உமக்குத் தெரியும்தானே. இத்துடன் நிகழ்ச்சி நிறைவு, எல்லாரும் இருந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்றார். கதிரைகள் இழுபட்டன. நான் வாசித்துக்கொண்டே இருந்தேன். எனக்கே கேட்கவில்லை.

நிவேதா மட்டும் நீர் பழக்கினபடி அசையாமல் நின்றாள்.

“வாங்கோ பிள்ளை, முடிஞ்சுதுதானே” என்று அவர் கூப்பிட்டார்.

“சே பா ஃபினி, மாமா.”

முடியவில்லை என்கிறாள். அவர் சிரித்துச் சமாளித்தார்.

காரில் வாதம். வாய் மூடினால் பாட்டு முடிஞ்சுது, அதுக்குப் பிறகு என்ன இருக்கு என்றார். படகு வந்ததா என்பது அதுக்குப் பிறகுதான் என்றேன். எனக்கு வந்த கோபம்! எங்கள் பேஸ்மென்டில் நாம் எத்தனை வருஷம் இதைப் பழகினோம்? உம்முடைய குரல் நின்றதும் அவர் மேலேயிருந்து தேத்தண்ணியோடு இறங்கிவந்து, பழைய பகிடிகளை அவிழ்த்துவிடுவார். நாமும் அவ்வளவில் எழும்பிவிடுவோம். முடிவைத் தனியாகப் பழகினது அவர் வேலைக்குப் போன நேரத்தில்தான். தங்கச்சியின் பாட்டை அந்த மனிசன் ஒருநாளும் முழுதாகக் கேட்டதேயில்லை. நேற்றுத்தான் எனக்கு இது உறைத்தது. உமக்கு முதலே தெரியுமா? அதனால்தான் இந்தப் பாட்டைக் கேட்டீரா?

இன்று காலை பாணுக்குப் பட்டர் பூசிக்கொண்டிருந்தவர், என்னைப் பாராமலே கேட்டார்.

“அது சரி, அந்தப் படகு வந்ததோ?”

நான் சொல்லவில்லை. வாயால் சொல்லுகிற விஷயமா அது?

ஆண்டுத் திவசத்துக்கு அதே பாட்டுத்தான், மச்சாள். மைக்கை வேறு யாரிடமாவது கொடுப்பேன். உம்முடைய அண்ணர் எனக்குப் பக்கத்தில் இருந்து தாள் திருப்புவார். கடைசித் தாள்வரைக்கும் அவரை எழும்ப விடமாட்டேன்.

கோபம் ஆறாத உம்முடைய மச்சாள்,
சுகந்தி