அனுமதிப் பட்டியலில் இரண்டாவது பெயர்

மாங்கெரே, ஆக்லாந்து
ஆகஸ்ட் 9, சனிக்கிழமை

கர்த்தருடைய கிருபையால் பெர்த்தில் சுகமாக இருக்கும் என் மகன் ஃபிலிமோனேவுக்கு, அம்மா கலோலைனே எழுதுவது.

போன செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி நாற்பது நிமிடத்துக்கு, அப்பாவின் சர்வர் பெட்டி இருக்கும் டேட்டா சென்டரில், இரண்டாம் கூடத்துக்குள் இருந்தவர்கள்: நான். அப்பாவின் அக்கா, உன் லூப்பே அத்தை. போதகர் மோலித்தோனி. அந்த இடத்துக்குப் பொறுப்பான நைரி அம்மாள். வாசல் காவல்காரர், சமோவாக்காரர், பெயர் கேட்க மறந்துவிட்டேன். மொத்தம் ஐந்து பேர். அப்பாவின் அனுமதி அட்டை என் கைப்பையில் இருந்தது. அதை ஆள் கணக்கில் சேர்க்க முடியாது.

யார் யார் இருந்தார்கள் என்று எழுதித் தரும்படி டேட்டா சென்டர்காரர்கள் கேட்டார்கள். அதைத்தான் உனக்கும் முதலில் எழுதியிருக்கிறேன். நடந்ததற்குக் காரணம் இந்த ஐந்து பேரில் நான் ஒருத்திதான். அத்தையைத் திட்டாதே.

நான் நன்றாக இருக்கிறேன். கால் வீக்கம் குறைந்திருக்கிறது. தோட்டத்தில் டாரோ இலை நிறைய. பறித்துச் சமைத்தால் ஒருத்தி எத்தனை சாப்பிடுவது என்று விட்டுவிட்டேன். போனில் சொல்லலாமே என்று நீ கேட்பாய். போனில் நீ "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லி வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம். இன்றே முடித்தாக வேண்டும். நாளை ஓய்வுநாள், எழுதக் கூடாது.

அப்பாவை அடக்கம் செய்து ஏழு வாரம் ஆகிறது. டேட்டா சென்டருக்கு யாரும் சொல்லவில்லை. பெட்டி பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஞாயிறு ஆராதனை, பாடகர் குழு, அடக்க ஆராதனைகள் எல்லாம் வழக்கம்போல அதன் வழியாக, இன்டர்நெட்டில், கடல் தாண்டி நம் தீவு ஊர்களுக்குப் போய்க்கொண்டிருந்தன. எட்டு வருஷத்துக்கு முன்னால் நீயும் அப்பாவும் தோளில் சுமந்துகொண்டுபோய் வைத்துவிட்டு வந்த பெட்டி, இத்தனை நாளில் ஒரு நாள்கூட நிற்கவில்லை. ஒருவர் இறந்ததை அவர் போய் வந்த இடங்களில் நேரில் போய்ச் சொல்வதுதான் முறை என்று அத்தை சொன்னாள். எனக்கும் அதுதான் சரியாகப் பட்டது. நாங்கள் மூன்று பேரும் போதகர் வண்டியில் போனோம்.

வாசலிலேயே தகராறு. நான் துக்கத்துக்குக் கட்டும் பெரிய பாயை இடுப்பில் கட்டியிருந்தேன். நார் உதிரும், உள்ளே விட முடியாது என்றார் காவல்காரர். அத்தையை உனக்குத் தெரியுமே. "அவ புருஷனுக்குத் துக்கம் கட்டியிருக்கா. அவுத்து வாசல்ல போட்டுட்டு வரணுமா? உங்கம்மாகிட்ட இப்படிச் சொல்லுவியா நீ?" என்றாள். அந்த மனுஷன் கைகூப்பாத குறை. "எங்கம்மாவா இருந்தா நான் இந்நேரம் ஓடி ஒளிஞ்சிருப்பேன் அத்தே. ரூல் போட்டது நான் இல்ல" என்றார். கடைசியில் பெரிய பிளாஸ்டிக் தாள் ஒன்றைக் கொண்டுவந்து பாயோடு சேர்த்து என்னைச் சுற்றிக் கட்டினார். கடையில் கட்டிக் கொடுத்த பார்சல் மாதிரி உள்ளே போனேன். நடக்க நடக்கச் சரசரவென்று சத்தம். ஏழு வாரத்தில் முதல் தடவையாக எனக்குச் சிரிப்பு வந்தது, போதகர் பார்க்காதபடி அடக்கிக்கொண்டேன்.

நைரி அம்மாள் விஷயத்தைக் கேட்டதும் உட்கார்ந்துவிட்டாள். அப்பா ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அங்கே வேலை செய்பவர்களுக்கு, டாரோ இலையில் கறியும் தேங்காய்ப்பாலும் பொதிந்து வேகவைத்த லூ பொட்டலம் கொண்டுபோவார். கூடத்துக்குள் சாப்பாடு ஆகாது என்பதால் எல்லோரும் வண்டி நிறுத்தும் இடத்தில் நின்றுகொண்டு, தேங்காய்ப்பால் வழிய வழியத் தின்பார்களாம். "இந்த வருஷம் யாரு கொண்டு வருவா?" என்று கேட்டாள். கேட்ட பிறகு மன்னிப்புக் கேட்டாள். பட்டியலில் பெயர் இல்லாதவர்களை உள்ளே விடக் கூடாது என்பது அங்கே கண்டிப்பு. "அஞ்சு நிமிஷம், நானே கூட வரேன், என் பொறுப்பு" என்று காவல்காரரையும் சேர்த்துக்கொண்டு கூட்டிப்போனாள்.

மகனே, அந்த இடம் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். எனக்கு அன்றுதான் தெரியும். அந்தக் குளிரும் இரைச்சலும்! எங்கே பார்த்தாலும் இரும்பு அலமாரி, யார் யாருடைய பெட்டிகளோ. அதில் ஒரு மூலையில், நான்காகத் தடுத்த அலமாரியின் ஒரு தட்டில் நம்முடையது. அப்பாவின் கையெழுத்தில் சபையின் பெயர் ஒட்டியிருந்தது. அப்பாவின் சாவியைப் போட்டுத் திறந்தேன். பச்சை விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தது. அவர் இறந்ததே அதற்குத் தெரியாது என்று தோன்றியது.

அத்தை, "என் தம்பி சாமான் இப்படி மொட்டையா நிக்குதே" என்றாள். அப்பாவின் உடல்மேல் போர்த்திய மரப்பட்டைத் துணியில் அத்தைக்கு வந்த பங்கிலிருந்து ஒரு துண்டை மடித்துக் கொண்டுவந்திருந்தாள். நான்தான் அதை வாங்கினேன். போதகர் ஜெபம் ஆரம்பித்தார். அவர் ஜெபம் எவ்வளவு நீளம் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. எல்லோரும் கண் மூடியிருந்தார்கள், நைரி அம்மாளும். நான் மட்டும் கண்ணைத் திறந்து துணியை விரித்தேன். கல்லறைக்குச் செய்கிறமாதிரி முன்னாலும் பின்னாலும் இழுத்து, ஓரங்களை இடுக்கில் செருகி, சுருக்கம் நீவி, கதவைச் சாத்திப் பூட்டினேன். ஆமென் சொல்லும்போது சாவி கைப்பைக்குள் போய்விட்டது. துணியைப் போர்த்தப்போகிறோம் என்று நைரி அம்மாளுக்குத் தெரியாது. உள்ளே துணி வைக்கக் கூடாது என்று எங்களுக்குத் தெரியாது.

பெட்டி மூச்சு விடுவது அந்த முன்பக்கத்தாலும் பின்பக்கத்தாலும்தான் என்று பிறகு சொன்னார்கள். மதியம் சூடு ஏறி மணி அடித்திருக்கிறது. அவர்கள் ஓடிவந்து திறப்பதற்குள் நம் பெட்டி தானாக அணைந்துவிட்டது. எட்டு வருஷம் நிற்காதது. கீழ்த் தட்டில் இருந்த, ஒரு பல் மருத்துவருடைய பெட்டியும் கூடவே நின்றது. பெட்டிமேல் அவர் கிளினிக் பெயர் ஒட்டியிருந்ததைப் பார்த்திருந்தேன். மறுநாள் நம் முறைப்படி காணிக்கையாக ஒரு நல்ல பாயை எடுத்துக்கொண்டு அந்தக் கிளினிக்குக்குப் போய், மன்னிப்புக் கேட்கத் தரையில் தலைகுனிந்து உட்கார்ந்தேன். அவர் பதறிப்போய், "அம்மா, மேல உக்காருங்க, எந்தப் பல்லு வலிக்குது?" என்றார். விஷயத்தைச் சொல்லிப் புரியவைக்க அரை மணி நேரம் ஆயிற்று. பாயை வாங்கிக்கொண்டார். என் கீழ்ப்பல் இரண்டைப் பிடுங்க வேண்டுமாம்.

நைரி அம்மாளுக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்துவிட்டார்கள். அது எனக்கு ரொம்ப வேதனை. அவள் என்மேல் கோபப்படவில்லை. வாடிக்கையாளர்களுக்கான விதிப் புத்தகத்தை என் கையில் கொடுத்தாள். நாற்பத்தோரு பக்கம். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூன்று நாளில் படித்து முடித்தேன். எரியக்கூடிய பொருள் எதையும் உள்ளே வைக்கக் கூடாது. காற்று போகும் வழியை மறைக்கக் கூடாது. பட்டியலில் பெயர் இல்லாதவர் எதையும் தொடக் கூடாது. இந்த மூன்றையும் மீறியிருக்கிறேன், நோட்டில் பக்க எண்ணோடு குறித்திருக்கிறேன். தெரியாமல் செய்தவர்களை என்ன செய்வது என்று எங்கேயாவது எழுதியிருக்கிறதா என்று தேடினேன், இல்லை.

முப்பத்தாறாம் பக்கத்தில் இருப்பதற்காகத்தான் இந்தக் கடிதம். விதி மீறிய பெட்டியை முப்பது நாளுக்குள் வெளியே எடுத்துவிட வேண்டும். எடுக்க உரிமை பட்டியலில் உள்ளவர்களுக்கு மட்டும். யாரும் வராவிட்டால் உள்ளே இருப்பதை அழித்துவிட்டுப் பெட்டியை உடைத்துவிடுவார்கள். மனைவி என்று நான் நிற்க வேண்டுமென்றால் கோர்ட் காகிதம் வேண்டும், அதற்கு ஆறு மாதம் ஆகும் என்கிறார்கள். கடைசி நாள் செப்டம்பர் ஐந்து. இன்றைக்கு மிச்சம் இருபத்தேழு நாள். இந்தக் கடிதம் உனக்குக் கிடைக்கப் பத்து நாள் போனால் பதினேழு.

உள்ளே என்ன இருக்கிறது என்று உனக்குத் தெரியும். இருநூற்றுப் பதினான்கு அடக்க ஆராதனைகள். வவாவு தீவில் தன் அண்ணனின் அடக்க ஆராதனையை இன்னும் தினமும் போட்டுக் கேட்கும் ஒரு அம்மாள், அது ஏன் வரவில்லை என்று நேற்றும் போதகருக்குப் போன் செய்தாள். பிறகு, ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் அப்பா மெதுவாக எண்ணுவாரே, "தஹா, உவா, தோலு", அது. வேறு எங்கேயும் அவர் குரல் நம்மிடம் கிடையாது. நான் எல்லோரிடமும் கேட்டுப் பார்த்துவிட்டேன்.

பட்டியலில் இரண்டே பெயர்தான். அதன் நகலை நைரி அம்மாள் எடுத்துக் கொடுத்தாள். ஒவ்வொரு ஜூலையிலும் பட்டியலைப் புதிதாக எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்; இந்த ஜூலையில் எழுத ஆள் இல்லாததால் போன வருஷத்துத் தாள்தான் இன்னும் செல்லுமாம். எட்டுத் தாள். எட்டிலும் அப்பா பெயர் முதலில், இரண்டாவது உன் பெயர்.

ஞாயிற்றுக்கிழமை வேலைக்குப் போகிறவன் என் வாசல் ஏறக் கூடாது என்று அவர் சொன்னதை நானும் கேட்டேன், நீயும் கேட்டாய். அதற்குப் பிறகு ஏழு வருஷம் இந்த வீட்டில் உன் பெயரை அவர் சொல்லவில்லை. நானும் அவர் காதுபடச் சொல்லவில்லை. அந்த ஏழு வருஷத்திலும் ஜூலையில் ஒரு நாள் அங்கே போய், அந்தக் குளிரில் உட்கார்ந்து எழுதியிருக்கிறார். பெயருக்கு எதிரே என்ன பொறுப்பு என்று ஒரு கட்டம். மற்றவர்கள் அதில் பொறியாளர், மேலாளர் என்று எழுதுவார்களாம். அப்பா, மகன் என்று எழுதியிருக்கிறார்.

இன்னொன்று. இரண்டாவது தாளிலிருந்து உன் போன் எண் பெர்த் எண்ணாக இருக்கிறது. அந்த எண்ணை நீ எனக்கு மட்டும்தானே கொடுத்தாய்? என் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில், மாவு என்று தலைப்புப் போட்டு, அதன் கீழே எழுதி ஒளித்துவைத்திருந்தேன். அவர் அந்த நோட்டைத் தொட்டு நான் பார்த்ததே இல்லை. நைரி அம்மாள் செவ்வாய்க்கிழமை அந்த எண்ணுக்குத்தான் மூன்று தடவை அழைத்தாள். தெரியாத எண் என்று நீ விட்டிருப்பாய். குற்றமாகச் சொல்லவில்லை.

அப்பாவின் அடக்கத்தன்று நீ வரவில்லை என்று அத்தை எல்லோரிடமும் சொன்னாள். மறுவாரம் போதகர், ஆராதனையை எந்தெந்த ஊரில் எத்தனை பேர் பார்த்தார்கள் என்று பெட்டி கொடுத்த கணக்கைக் காட்டினார். நுகுஅலோஃபா அறுபத்தொன்று. வவாவு பத்தொன்பது. சிட்னி முப்பது. பெர்த் ஒன்று. அந்த ஒருவர் முதல் பாட்டுக்கு முன்னாலேயே வந்து, கல்லறையில் கடைசி மண் விழுந்த பிறகும், எல்லோரும் கலைந்து வெறும் புல் மட்டும் தெரிந்தபோதும் போகவில்லை. மொத்தம் நான்கு மணி நேரம் பன்னிரண்டு நிமிடம்.

அன்று இரவே அடக்கத்துக்கு வந்தவர்கள் பெயர் எழுதிய என் நோட்டை எடுத்து, உன் பெயரையும் எழுதினேன். அத்தை பார்த்துவிட்டு, "வராதவன் பேர எப்படிடீ எழுதுவே, பொய்க்கணக்கு எழுதுறியா?" என்று சண்டைக்கு வந்தாள். "என் கணக்கு எப்பவும் சரியாத்தான் அண்ணி இருக்கும்" என்றேன்.

அவர்கள் கொடுத்த படிவத்தை இதோடு வைத்திருக்கிறேன். அதில் இரண்டு கட்டம் இருக்கிறது, நீ ஒன்றில்தான் குறி போட வேண்டும். நானே நேரில் வந்து எடுத்துக்கொள்கிறேன் என்பது முதலாவது. எனக்குப் பதிலாக இன்னாரை நியமிக்கிறேன் என்பது இரண்டாவது. உனக்கு வேலை இருக்கும், லீவு கொடுக்க மாட்டார்கள், ஞாயிறும் சேர்ந்து வரும், எல்லாம் அம்மாவுக்குத் தெரியும். அதனால் இரண்டாவது கட்டத்துக்குப் பக்கத்தில் போதகர் மோலித்தோனி பெயரை நானே எழுதிவைத்திருக்கிறேன். கையெழுத்து மட்டும் போட்டு அனுப்பினால் போதும்.

பென்சிலால்தான் எழுதியிருக்கிறேன்.

நீ இருக்கிற இடத்தில் கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. எந்தக் கட்டம் என்று சீக்கிரம் பதில் எழுது.

உன் அம்மா,
கலோலைனே