அரண்மனைத் தோட்டத்து ரயிலில் கடைசிப் பெட்டி

அன்புள்ள மகளுக்கு,

அம்மாவின் ஆசிகள். நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என் சுகத்தை எழுதலாம் என்று உட்கார்ந்தால் குமட்டிக்கொண்டு வருகிறது. கெட்டுப்போனது எதையோ சாப்பிட்டுவிட்டேன் என்று பயப்படாதே. நீ டிக்கெட் எடுத்துக் கொடுத்தாயே ஒரு உல்லாசப் பயணம், அதில் போய்வந்ததன் பலன் இது. போனில் சொல்லலாம் என்றால் உன் அப்பா ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார். அதனால்தான் கடிதம். இதைப் படித்து முடிக்கும்வரை அவருக்குப் போன் போடாதே.

முதலில் அந்த ரயிலைப் பற்றிச் சொல்கிறேன். அதை ரயில் என்று சொல்லவே வாய் கூசுகிறது. தண்டவாளம் கிடையாது. ஒரு டிராக்டருக்கு டூப்ளிகேட் புகைபோக்கி மாட்டி, பச்சைப் பெயின்ட் அடித்து, பின்னால் நாலைந்து திறந்த பெட்டிகளைக் கோத்துவிட்டிருக்கிறார்கள். சக்கர நாற்காலியில் வருகிறவர்களுக்குக் கடைசிப் பெட்டி. டிரைவர் வந்து சாய்பலகையை இறக்கி, என்னை நாற்காலியோடு தள்ளி ஏற்றி, நாலு பக்கமும் கொக்கி போட்டு இறுக்கினார். லாரியில் பீரோ ஏற்றும்போது இப்படித்தான் கட்டுவார்கள். அதுவும் முகம் பின்பக்கம் பார்க்கிற மாதிரி! எல்லாரும் வரப்போகிற தோட்டத்தைப் பார்க்க, நான் போய்விட்ட தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு போனேன். டிராக்டர் கக்கிய புகையெல்லாம் எனக்கே எனக்கு.

கைப்பிடியைத் தொட்டேன், சீ! யாரோ வழியவிட்ட ஐஸ்கிரீம் காய்ந்து பிசுபிசுவென்று விரலில் ஒட்டிக்கொண்டது. அதில் ஒரு முடி வேறு. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் காலம் தள்ளியவளடி நான். ரத்தம், சீழ், வாந்தி எல்லாவற்றையும் முகம் சுளிக்காமல் பிரித்துப் போட்ட கை இது. அதெல்லாம் நோயாளியின் அழுக்கு, பாவம் அவன் என்ன செய்வான் என்று தோன்றும். இது தின்றுவிட்டுத் துடைக்கச் சோம்பல்பட்டவனின் அழுக்கு. வீட்டுக்கு வந்து மூன்று தடவை சோப்புப் போட்டும் அந்தப் பிசுபிசுப்பு போன மாதிரி தெரியவில்லை.

மைக் பிடித்து விளக்கம் சொல்ல ஒருத்தி இருந்தாள். ரயில் கிளம்பியதும் கடைசிப் பெட்டியில் நம்ம ஸ்பெஷல் விருந்தாளி ஒருத்தங்க இருக்காங்க, எல்லாரும் ஜோரா ஒரு கைதட்டு கொடுங்க என்றாள். அத்தனை பேரும் திரும்பிப் பார்த்துத் தட்டினார்கள். எதற்குத் தட்டுகிறார்கள்? உட்கார்ந்ததற்கா? அப்புறம் என் தலைக்கு மேலே, பக்கத்தில் உட்கார்ந்திருந்த உன் அப்பாவைப் பார்த்து, அம்மாவுக்கு நான் பேசுறது புரியுதாங்க என்று கேட்டாள். எனக்குப் போனது கால்தான், காது நல்லாத்தான் இருக்கு என்றேன். அதையும் மைக்கிலேயே சிரித்து, அம்மா ரொம்ப ஜாலி டைப் என்று ஊருக்கே அறிவித்துவிட்டாள். அந்த மைக்கைப் பிடுங்கி அவள் சொன்ன ராணி குளத்திலேயே வீசியிருப்பேன். கொக்கி போட்டு இறுக்கியிருந்ததால் பிழைத்தாள்.

அந்தக் குளத்தைப் பற்றி என்ன அளப்பு தெரியுமா! ராணி பன்னீரில் குளித்தாளாம், சுற்றி நின்று தோழிகள் பாடினார்களாம். நான் பார்த்தது பச்சைப் பாசி. மேலே சிப்ஸ் பாக்கெட்டும், ஊறி உப்பிய ரொட்டித் துண்டுகளும், செத்து மல்லாந்த ஒரு மீனும் மிதந்தன. சாக்கடையை மூடிபோட்டு வைத்துத் திறந்த மாதிரி ஒரு வாடை. எல்லாரும் ஆஹா ஆஹா என்று போட்டோ எடுக்கிறார்கள். மூக்கை வீட்டில் கழற்றி வைத்துவிட்டு வந்திருப்பார்கள் போலிருக்கிறது.

இனிமேல் சொல்வதைக் கவனமாகப் படி. அந்த ரயில் வழியில் மூன்று இடத்தில் நிற்கும். ரோஜாத் தோட்டத்திலும் குளத்திலும் படிக்கட்டு இருப்பதால் சாய்பலகையை இறக்க மாட்டார்கள். நடக்கிறவர்கள் இறங்கிப் போய்ச் சுற்றிவிட்டு வர, நான் கொக்கியில் தொங்கிக்கொண்டு ரயிலுக்குக் காவல். ரோஜாத் தோட்டத்தில் உன் அப்பா என்னை விட்டுவிட்டு இறங்கிப் போய், பூவையெல்லாம் போனில் படம் பிடித்துக்கொண்டு வந்து காட்டினார். வீட்டுக் கட்டிலில் படுத்தபடியே பார்க்கக்கூடிய ரோஜாவை, இவ்வளவு தூரம் வந்து அவர் போனில் பார்த்தேன். குளத்தில் அவர் இறங்கவே இல்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இப்பவே சலிச்சுப்போச்சா, பொண்டாட்டியோட வெளியே வர்றதுன்னா உங்களுக்கு எப்பவுமே வேப்பங்காய்தான் என்று கடித்துவைத்தேன். அவர் நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது. வெயில் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாவது நிறுத்தம் தோட்டத்தின் பின்வாசல். அங்கே மட்டும்தான் சாய்பலகை இறங்கும், சிமென்ட் மேடை கட்டியிருக்கிறார்கள். மற்றவர்கள் டீக்கடைப் பக்கம் போனார்கள். அப்பாடா, நமக்கும் ஒரு விமோசனம் என்று நான் தரையைத் தொட்ட அதே நிமிஷம், பூங்கொத்தோடு ஒரு அம்மாள் என்னை நோக்கி வந்தாள். வாயெல்லாம் பல். வாங்கம்மா வாங்க, தோட்டம் தெரியற ஜன்னல் ரூம்தான் உங்களுக்கு ஒதுக்கி வச்சிருக்கோம், நேத்துகூட உங்க பொண்ணு போன்ல பேசினாங்க, சார் ஆபரேஷனுக்கு முன்னாடியே நீங்க வந்துடலாம் என்று ஒரே மூச்சில் கொட்டிவிட்டாள். என்னிடம் எல்லாம் பேசி முடித்துத்தான் அழைத்து வந்திருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டாள், பாவம். பின்வாசலுக்கு எதிரே இருக்கிற முதியோர் இல்லத்தின் மேலாளராம்.

நான் திரும்பி உன் அப்பாவைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார்.

எனக்கு வயிற்றைப் புரட்டியது அங்கேதான். பாசியும் ஐஸ்கிரீமும் எந்த மூலைக்கு! பூவைக் காட்டி, ரயிலில் ஏற்றி, கைதட்ட வைத்து, கடைசியில் இங்கே கொண்டுவந்து இறக்கினீர்களே. ஆட்டுக்குத் தழையைக் காட்டித்தான் இழுத்துக்கொண்டு போவார்கள். அப்பனும் மகளும் எத்தனை நாளாகப் போனில் கூடிக் கூடிப் பேசினீர்கள்? நான் பக்கத்து அறையில்தானே கிடக்கிறேன்? என்ன ஆபரேஷன், யாருக்கு ஆபரேஷன் என்பதை, கையில் பூங்கொத்து வைத்திருக்கிற முன்பின் தெரியாத ஒருத்தி சொல்லித்தானா எனக்குத் தெரிய வேண்டும்? தூ!

அந்த இல்லத்தையும் சுற்றிக் காட்டினாள். காறித் துப்ப ஒரு குறையாவது கிடைக்காதா என்று தேடித் தேடிப் பார்த்தேன். தலையணை உறையை உருவி உள்பக்கம் பார்த்தேன், விரிப்பை மோந்து பார்த்தேன். ஒழுங்காகத் துவைத்து, ஒழுங்காக வெயிலில் காயப்போட்ட துணி. எனக்கு இன்னும் எரிச்சல்தான் வந்தது.

அங்கே உன் அப்பா கழிப்பறைக்குப் போயிருந்த நேரத்தில் அந்த அம்மாள் குனிந்து இன்னொரு விஷயம் சொன்னாள். அதைக் கடைசியில் எழுதுகிறேன்.

வேறு வழியில்லாமல் அதே ரயிலில்தான் திரும்ப வேண்டியிருந்தது. மறுபடியும் கொக்கி, மறுபடியும் புகை. மைக்காரி என்னைப் பார்த்து, அம்மா என்ஜாய் பண்ணீங்களா என்றாள். நான் முறைத்த முறைப்பில் முன்பெட்டிக்கே போய்விட்டாள். அப்போதுதான் உன் அப்பா வாயைத் திறந்தார். முதுகெலும்பில் வட்டு விலகி நரம்பை நசுக்குகிறதாம். இனி ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். என்னைத் தினம் எத்தனை தடவை தூக்குகிறார் என்று உனக்குத் தெரியாது. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து கழிப்பறைக்கு, திரும்பக் கட்டிலுக்கு. ஒரு நாள்கூட முனகியதில்லை, பாவி மனுஷன். தூக்கும்போது பழைய ஜோக் எதையாவது சொல்லுவார். வலியை மறைக்கத்தான் அந்த ஜோக் என்று இப்போது புரிகிறது.

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். சொன்னா நீ தண்ணி குடிக்கிறதை நிறுத்திடுவியே என்றார்.

 போன மழைக்கு அவர் காய்ச்சலில் படுத்தபோது நான் அதைத்தான் செய்தேன். கழிப்பறைக்குத் தூக்க வைக்கக் கூடாதே என்று நாக்கு வறண்டாலும் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். அவருக்குத் தெரியாது என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். டம்ளரில் அளவு பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். ரயில் குலுங்கக் குலுங்க இரண்டு பேரும் அழுதோம். பின்பக்கம் பார்த்த பெட்டி என்பதால் யாரும் பார்க்கவில்லை, அந்த ஒரு நல்லதைத்தான் அந்த ரயில் செய்தது.

அதனால் நான் போகிறேன். உன் அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அவர் ஆபரேஷன் முடிந்து, தேறி, டாக்டர் சரி என்கிறவரை அந்த இல்லத்தில் இருக்கிறேன். ஜன்னல் அறை மட்டும் வேண்டாம் என்று மேலாளரிடம் போனில் கறாராகச் சொன்னேன். அந்த ரயில் ஜன்னலுக்கு நேர் எதிரேதான் போகிறது. போகிறவன் வருகிறவனெல்லாம் எட்டிப் பார்த்துக் கையாட்ட, நான் படுத்துக் கிடக்க வேண்டுமா? சுவரைப் பார்த்த அறை போதும். வீட்டில் என்னைத் தூக்க ஒரு ஆள் வைப்பதைப் பற்றியும் பேசினோம். நான் வீட்டுக்குத் திரும்பும்போது அதற்கு ஏற்பாடு இருக்க வேண்டும், அது உன் பொறுப்பு.

மூன்று மாதம், மிஞ்சிப்போனால் நாலு, அப்புறம் உன்னைக் கூட்டிக்கிட்டு வீட்டுக்கு வந்துடுவேன் என்று உன் அப்பா என்னிடம் சொல்லி விரல் விட்டு எண்ணிக்கொண்டிருக்கிறார். காலண்டரைப் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறார்.

மேலாளர் குனிந்து சொன்னது இதுதான். உங்க பொண்ணு நிரந்தரமாத்தான் கேட்டிருக்காங்கம்மா, வீட்டை விக்கிற பேச்சும் இருக்குதாமே, அப்பாவுக்கும் இங்கேயே பக்கத்துல ஒரு ரூம் பார்த்துடலாம்னு சொன்னாங்க.

நான் தலையாட்டினேன். ஆமா, எனக்குத் தெரியும், நாங்க எல்லாரும் சேர்ந்து எடுத்த முடிவுதான் என்றேன். வேறென்ன சொல்வேன்? முன்பின் தெரியாதவள் எதிரே உன்னை விட்டுக்கொடுக்க எனக்கு வாய் வருமா?

அப்பாவுக்கு இது தெரியாது. நான் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். இத்தனை பக்கம் மறைத்தீர்கள் மறைத்தீர்கள் என்று திட்டிவிட்டு நானே ஒன்றை மறைக்கிறேன் பார், எனக்கே என்மேல் அருவருப்பாக இருக்கிறது. ஆனால் வீட்டுக்குத் திரும்பலாம் என்ற நம்பிக்கையோடுதான் அந்த மனுஷன் ஆபரேஷன் மேஜையில் படுக்கப்போகிறார். நீ செய்ததைத் தெரிந்துகொண்டால் முதுகைவிட மனசுதான் முதலில் உடையும்.

தூரத்தில் இருக்கிறாய், ராத்திரி போன் அடித்தால் உனக்கு உயிர் போய் உயிர் வரும், ஒரு வேலையும் ஓடாது, எல்லாம் எனக்குத் தெரியும். பயத்தில்தான் செய்தாய். நான் உன்னைக் கெட்டவள் என்று நினைக்கவில்லை. எனக்குப் பதில் எழுத வேண்டாம், விளக்கமும் வேண்டாம். அந்த மேலாளருக்கு ஒரு போன் போட்டு, நிரந்தரம் இல்லை என்று சொல்லிவிடு. அதைச் சொல்லிவிட்டு அப்பாவைக் கூப்பிட்டு, சுகமாக் குணமாகி வாங்கப்பா, அம்மாவை வீட்டுக்குக் கூட்டிட்டு வர நானும் வரேன் என்று உன் வாயால் சொல். அவர் ஸ்பீக்கரில்தான் போடுவார். நானும் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொள்கிறேன்.

நூறு வயது நல்லபடி இரு. மாப்பிள்ளைக்கும் என் ஆசிகள்.

வாய் மட்டும் இன்னும் நன்றாக ஓடுகிற,
உன் அம்மா